பிசா வீட்டில் ஒரு கடன் கணக்கு
மருத்துவமனைகளின் கதை – 14

ஸ்பெயினின் தென்பகுதியில் உள்ள கிரானடா நகரில், பிளாசா நுவேவா சதுக்கத்தை ஒட்டிப் புனித அன்னாள் ஆலயம் இருக்கிறது. அதன் பின்னால் போகும் சந்தில் ஒரு பழைய பிரபுவின் வீடு. கல்லில் செதுக்கிய வாசல், தூண்கள் சூழ்ந்த முற்றம், முஸ்லிம்களான மூர்களின் தச்சு மரபில் செய்த மரக்கூரை. 16ஆம் நூற்றாண்டில் பிசா என்ற குடும்பத்தார் இங்கே வாழ்ந்தார்கள். இன்று இது புனித இறை யோவானின் அருங்காட்சியகம். அவர் வழியில் பிறகு உருவான துறவு சபையே இதை நடத்துகிறது. ஓவியங்கள், மரச்சிற்பங்கள், உலகின் பல மூலைகளிலிருந்தும் சபையினர் கொண்டுவந்து சேர்த்த பொருள்கள் என்று அறை அறையாக நிறைந்திருக்கின்றன. ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலோர் தேடி வருவது ஒரே ஓர் அறையைத்தான். 1550 மார்ச் 8ஆம் தேதி அவர் உயிர்விட்ட அறை அது. இப்போது சிற்றாலயமாக இருக்கிறது.

இந்த வீட்டுக்கு வர அவருக்கு விருப்பமே இல்லை. தன் நோயாளிகளுக்கு நடுவில், தன் மருத்துவமனையின் தரையிலேயே சாக வேண்டும் என்றுதான் கேட்டார். அங்கிருந்து அவரைப் பிரித்துக் கொண்டுவர, பேராயரின் கட்டளை தேவைப்பட்டது. இந்த அருங்காட்சியகத்தைப் புரிந்துகொள்ள நினைக்கிறவர்கள் முதலில் மனத்தில் வைக்க வேண்டியது இதைத்தான்.

பாரிஸின் ஓத்தெல் தியூ மருத்துவமனையைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே பார்த்தோம். ஒரே கட்டிலில் நான்கு பேர், ஆறு பேர் என்று நோயாளிகளை அடுக்கிப் படுக்க வைத்திருந்ததை மருத்துவர் தெனோன் 1788இல் எழுதி வெளியிட்டார். அதற்கு இருநூறு ஆண்டுக்கும் மேல் முந்தியவர் இந்த யோவான். ஆளுக்கொரு படுக்கை, நோய்க்கேற்பத் தனித்தனி இடம் என்று அவர் பிரித்து வைத்தார் என்பது சபையின் மரபு. மருத்துவம் படித்தவரல்லர். குருவும் அல்லர். கடைசிவரை முறையான துறவு வார்த்தைப்பாடுகூட எடுக்காத ஒரு சாதாரணர். அவருக்கு இந்த யோசனை எங்கிருந்து வந்தது?

அவரது முற்பாதி வாழ்க்கையை வேகமாகவே கடந்துவிடலாம். போர்ச்சுகலின் மொந்தெமோர்-ஓ-நோவோ என்ற ஊரில் 1495இல் பிறந்தார். எட்டு வயதில் வீட்டை விட்டுப் போய், ஸ்பெயினில் ஒரோபேசா பிரபுவின் நிலங்களில் ஆடு மேய்த்து வளர்ந்தார். படையில் சேர்ந்து பிரெஞ்சுக்காரர்களோடு போரிட்டார். அங்கே அவர் காவலில் இருந்த கொள்ளைப் பொருள் திருடுபோனதால் தூக்குத் தண்டனைவரை போய், கடைசி நேரத்தில் தப்பினார். 1532இல் துருக்கியரைத் தடுக்க வியன்னாவுக்குப் போன படையிலும் இருந்தார். பிறகு ஆப்பிரிக்கக் கரையில் செயூத்தா நகருக்குப் போனார். நாடு கடத்தப்பட்ட போர்ச்சுகீசியக் குடும்பம் ஒன்றின் பசியைப் போக்க, கோட்டை கட்டும் வேலையில் கூலியாளாகச் சேர்ந்தார். அங்கிருந்து ஜிப்ரால்டர். முதுகில் மூட்டை சுமந்து பக்திப் புத்தகங்களும் படங்களும் விற்றார். கடைசியில் கிரானடாவின் எல்விரா வாசலருகே ஒரு சிறு புத்தகக் கடை போட்டு உட்கார்ந்தபோது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது.

1530களின் இறுதியில் ஒரு சனவரி 20. புனித செபஸ்தியார் திருநாள். அல்ஹம்ப்ரா அரண்மனைக் குன்றின் மேலிருந்த மறைசாட்சியர் ஆலயத்தில் அவிலா யோவான் என்ற பேர்பெற்ற குரு மறையுரை ஆற்றினார். கேட்டுக்கொண்டிருந்த புத்தகக் கடைக்காரர் கதறிக்கொண்டு வெளியே ஓடினார். தலைமயிரைப் பிய்த்துக்கொண்டார், சேற்றில் புரண்டார். கடைக்குப் போய்க் கதைப் புத்தகங்களையெல்லாம் கையாலும் பல்லாலும் கிழித்தார். பக்தி நூல்களை வந்தவர்களுக்கு எடுத்துக் கொடுத்தார். கடைசியில் உடுத்தியிருந்த துணியையும் கொடுத்துவிட்டுத் தெருவில் ஓடினார். சிறுவர்கள் பைத்தியம் பைத்தியம் என்று கத்திக்கொண்டு கல்லெறிந்தார்கள். இதையெல்லாம் நமக்குச் சொல்பவர் பிரான்சிஸ்கோ தெ காஸ்ட்ரோ. அவர் யோவானின் மருத்துவமனையிலேயே பொறுப்பில் இருந்த குரு. அவர் எழுதிய முதல் வரலாறு 1585இல் அச்சானது. யோவானை நேரில் கண்டவர்கள் அப்போதும் உயிரோடிருந்தார்கள்.

அவருக்கு உண்மையிலேயே மனம் பிறழ்ந்ததா, அல்லது அவமானத்தை வேண்டி ஏற்ற தவமா என்று பிற்கால ஆசிரியர்கள் நிறைய வாதாடியிருக்கிறார்கள். அந்த வாதம் எனக்கு முக்கியமாகப் படவில்லை. அதன் பிறகு நடந்ததுதான் முக்கியம். நல்லெண்ணம் கொண்ட இருவர் அவரைக் கூட்டிப்போய் அரச மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

அரச மருத்துவமனை என்பது அரசர் பெர்னாந்தும் அரசி இசபெல்லாவும் 1504இல் நிறுவிய பிரமாண்டமான கட்டடம். இன்று கிரானடா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் அலுவலகம் அங்கேதான் இயங்குகிறது. அந்தக் காலத்தில் மனநோயாளிகளையும் அங்கே வைத்திருந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: கை கால்களைக் கட்டி, ஆடையை அவிழ்த்து, இரட்டை முறுக்குக் கயிற்றுச் சாட்டையால் அடிப்பது. வலியால் வெறி அடங்கும், புத்தி திரும்பும் என்ற நம்பிக்கை. அடித்தவர்கள் கொடியவர்கள் அல்லர். அதுதான் சிகிச்சை என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டிருந்தது. யோவானும் அடிவாங்கினார். தன் மேல் விழுந்த அடியைப் பற்றி அவர் பேசவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் மேல் விழுந்த அடியைப் பார்த்தபோதுதான் வாய் திறந்தார். உங்கள் சகோதரர்களான இந்த ஏழைகளை ஏன் இப்படி வதைக்கிறீர்கள், இவர்கள் இருக்கும் இடத்தைச் சுத்தமாக வைத்து, நல்ல சாப்பாடும் அன்பும் கொடுக்கக் கூடாதா என்று பணியாளர்களிடம் கேட்டதற்கு மேலும் அடி கிடைத்தது. ஏழைகளையும் மனம் பிறழ்ந்தவர்களையும் நான் விரும்பும் வகையில் கவனிக்க எனக்கென்று ஒரு மருத்துவமனை அமைய வேண்டும் என்று அவர் கடவுளிடம் வேண்டிக்கொண்டது அந்தச் சுவர்களுக்குள்தான்.

சற்று அமைதியானதும் கட்டவிழ்த்தார்கள். அவர் உடனே வெளியேறவில்லை. துடைப்பத்தை எடுத்து அங்கேயே பெருக்கினார். பாத்திரம் கழுவினார், நோயாளிகளின் உடம்பைத் துடைத்துவிட்டார். நோயாளியாக உள்ளே போனவர் ஊழியராக வெளியே வந்தார். உலக மருத்துவ வரலாற்றில் ஒரு மருத்துவமனையைத் திட்டமிட்டவர், அதற்கு முன்பு வேறொரு மருத்துவமனையின் மிக மோசமான மூலையில் கட்டுண்டு கிடந்தவராக இருந்தது அபூர்வம். அவர் செய்ததெல்லாம் அங்கே தான் பார்த்ததற்கு நேர்மாறானது என்று கொண்டால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

வெளியே வந்தவர் குவாதலூப்பே அன்னையின் திருத்தலத்துக்குக் கால்நடையாகப் போய்த் திரும்பினார். பிழைப்புக்கு மலையில் விறகு வெட்டி முதுகில் சுமந்துவந்து விற்றார். முதல்நாள், நேற்றுவரை புத்தகம் விற்ற தெருக்களில் விறகுக் கட்டோடு நடக்க வெட்கப்பட்டு, நகர வாசலுக்கு அருகிலிருந்த ஓர் ஏழை விதவையிடம் கட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார் என்கிறார் காஸ்ட்ரோ. மறுநாள் வெட்கத்தை அதட்டி அடக்கி, நடுச் சதுக்கம்வரை சுமந்துபோனார். பழைய பைத்தியக்காரன் வந்துவிட்டான் என்று ஊர் கூடிக் கேலி செய்தது. அவரும் அவர்களோடு சேர்ந்து சிரித்துப் பேசினார். விற்ற காசு இரவில் தெருவோரம் கிடந்தவர்களுக்குப் போனது.

அந்தத் தெருவோரத்து மனிதர்களைக் கொண்டுபோய் வைக்கத்தான் லுசேனா தெருவில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார். கோரைப் பாய்கள், பழைய போர்வைகள், அவ்வளவுதான் முதலீடு. நடக்க முடியாதவர்களை முதுகில் சுமந்து வந்தார். பகலில் அவரே செவிலியர், சமையற்காரர், தண்ணீர் சுமப்பவர், பெருக்குகிறவர். மாலை இருட்டியதும் பிச்சைக்குக் கிளம்புவார். முதுகில் ஒரு பெரிய கூடை. கழுத்தில் போட்ட கயிற்றின் இரு முனையிலும் இரண்டு பானைகள், கஞ்சியும் மிச்சக் குழம்பும் வாங்க. கூடையில் ரொட்டியும் பழந்துணியும் விழும். மழையானாலும் குளிரானாலும் வெறுங்காலோடும் திறந்த தலையோடும் தெருத்தெருவாகப் போய், உங்களுக்கு நீங்களே நன்மை செய்துகொள்ளுங்கள் சகோதரர்களே என்று உரத்துக் கூவுவார். பிச்சை கேட்பவர் கொடுப்பவனுக்கு நன்மை சொல்லி அழைப்பது நகரத்துக்குப் புதிது. கதவைத் திறந்து எட்டிப் பார்த்தவர்கள் கொடுத்தார்கள்.

இடம் போதாமல் போனதும் மருத்துவமனை கோமெரெஸ் ஏற்றத்துக்கு மாறியது. பிளாசா நுவேவாவிலிருந்து அல்ஹம்ப்ராவுக்கு ஏறும் செங்குத்தான தெரு அது. இன்றைய அருங்காட்சியகத்திலிருந்து நடந்தால் சில நிமிட தூரம்தான். துயி மறைமாவட்ட ஆயர் ஒருவர் அவரைச் சாப்பிட அழைத்துப் பேசி, இறை யோவான் என்ற பெயரைக் கொடுத்தார். வழியில் சந்திக்கும் பிச்சைக்காரரோடு எல்லாம் துணியை மாற்றிக்கொண்டு கந்தலோடு திரிந்தவருக்கு ஒரு முரட்டு அங்கியையும் உடுத்திவிட்டார்.

அவர் மருத்துவமனையில் யார் யார் இருந்தார்கள் என்பதை அவர் வாயாலேயே அறிய முடிகிறது. சொல்லச் சொல்லப் பிறர் எழுதிய ஆறு கடிதங்கள் நமக்குக் கிடைத்துள்ளன. லூயிஸ் பவுத்தீஸ்தா என்ற இளைஞனுக்கு ஒன்று, குத்தியெர்ரே லாசோ என்ற பிரபுவுக்கு இரண்டு, செசா சீமாட்டிக்கு மூன்று. ஒவ்வொன்றின் அடியிலும் மூன்று எழுத்துகளால் ஆன கையொப்பம். லாசோவுக்கு எழுதிய ஒன்றில், வாதத்தால் முடங்கியவர்கள், கை கால் இழந்தவர்கள், தொழுநோயாளிகள், பேச முடியாதவர்கள், மனம் பிறழ்ந்தவர்கள், தலையில் படை நோய் கண்டவர்கள், தள்ளாத கிழவர்கள், குழந்தைகள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். வழிப்போக்கர்களுக்கும் நெருப்பு, தண்ணீர், உப்பு, சமைக்கப் பானை எல்லாம் இங்கே கிடைக்கும் என்கிறார். மொத்தம் நூற்றுப் பத்துப் பேருக்கு மேல். இவ்வளவுக்கும் நிலையான வருமானம் எதுவும் கிடையாது.

அடுத்ததாகக் கடன். இருநூறு டுகாட் பொற்காசுக்கு மேல் கடன் ஏறிவிட்டது, சட்டை, போர்வை, செருப்பு, விரிப்பு வாங்கிய கணக்கு, கடன்காரர்களுக்குப் பயந்து வெளியே தலைகாட்டக்கூட முடியவில்லை என்று எழுதுகிறார். புனிதர்களின் கடிதம் என்றதும் நாம் எதிர்பார்ப்பது தியானமும் தரிசனமும். இவரது கடிதங்களில் எண்ணெய்க்கும் விறகுக்கும் கொடுக்க வேண்டிய காசு இருக்கிறது. அவரைப் பற்றி எழுதப்பட்ட அத்தனை புகழுரையையும்விட இந்தக் கணக்குதான் என்னை அவரிடம் இழுக்கிறது. இரக்கம் பலருக்கும் வரும். மாதக் கடைசியில் நூற்றுப் பத்துப் பேருக்கான ரொட்டிக்காரன் பாக்கியைத் தூக்கிச் சுமக்கிற இரக்கம் வேறு.

அவரோடு சேர்ந்தவர்களின் கதைகளும் சாதாரணமானவை அல்ல. அந்தோன் மார்ட்டின் என்பவரின் சகோதரனை பேத்ரோ வெலாஸ்கோ என்பவர் கொன்றுவிட்டார். கொலையாளியைத் தூக்கில் ஏற்றாமல் விடுவதில்லை என்று வழக்கு நடத்தவே அந்தோன் கிரானடாவில் தங்கியிருந்தார். யோவான் தெருவில் அவர் காலில் விழுந்து மன்னிக்கும்படி மன்றாடினார். மனம் மாறிய அந்தோன், யோவானோடு சிறைக்கே போய் பேத்ரோவை மன்னித்து விடுவித்தார். பிறகு இருவருமே அதே மருத்துவமனையில் அக்கம்பக்கமாக நின்று நோயாளிகளுக்குப் பணி செய்தார்கள். அந்தோன் மார்ட்டின் பின்னாளில் மாத்ரித் நகரில் ஒரு மருத்துவமனை தொடங்கினார்.

தாரிஃபா பிரபுவின் கதையும் கிரானடாவில் எல்லோரும் சொல்வது. நண்பர்களோடு சூதாடிக்கொண்டிருந்த பிரபுவிடம் யோவான் வந்து பிச்சை கேட்க, இருபத்தைந்து டுகாட் சேர்ந்தது. இந்த ஆள் உண்மையானவர்தானா என்று பார்க்க, பிரபு மாறுவேடத்தில் இருட்டில் அவரை மறித்து, மானத்தோடு வாழ்ந்து நொடித்துப்போனவன் என்று அழுதார். யோவான் அந்த இருபத்தைந்தையும் அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டார். மறுநாள் அந்தப் பணமும் அதைப்போலப் பல மடங்கும் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தன.

1549 சூலை 3ஆம் தேதி அரச மருத்துவமனையில் தீப்பிடித்தது. சாட்டையடி பட்ட அதே கட்டடம். புகைக்குள் நுழைந்து, நடக்க முடிந்தவர்களுக்கு வழி காட்டி, முடியாதவர்களைத் தோளில் தூக்கி வந்து, கட்டில்களையும் போர்வைகளையும் சன்னல் வழியே வெளியே எறிந்து, கடைசியில் தீ பரவாமல் தடுக்கக் கோடரியோடு கூரை மேலேறினார். தீ சூழ்ந்து ஆள் போய்விட்டார் என்று கீழே எல்லோரும் நினைத்த நேரத்தில், புருவம் கருகியதோடு இறங்கி வந்தார். 1880இல் மனுவேல் கோமெஸ்-மொரேனோ வரைந்த ஓவியம் இந்தக் காட்சியைக் கண்முன் நிறுத்துகிறது. அவரது வாழ்வைப் பற்றிக் கேள்விப்படாதவர்களும் கிரானடாவில் இந்தப் படத்தை அறிவார்கள்.

அதற்கடுத்த குளிர்காலத்தில் ஹெனில் ஆற்றில் வெள்ளம். மேலிருந்து மரங்கள் அடித்துக்கொண்டு வந்தன. மருத்துவமனைக்கு விறகாகும் என்று ஆட்களோடு ஆற்றில் இறங்கினார். கூட வந்த பையன் ஒருவன் வெள்ளத்தில் சறுக்கினான். யோவான் பாய்ந்தும் அவனைக் காப்பாற்ற முடியவில்லை. ஏற்கெனவே தேய்ந்திருந்த உடம்பு அந்தக் குளிரில் படுத்துவிட்டது.

படுத்தபிறகு அவர் செய்த முதல் வேலையைக் காஸ்ட்ரோ குறித்து வைத்திருக்கிறார். எழுதத் தெரிந்த ஒருவரைக் கையோடு கூட்டிக்கொண்டு, தான் பாக்கி வைத்திருந்த வீடுகளுக்கும் கடைகளுக்கும் படியேறினார். யாருக்கு எவ்வளவு என்று கேட்டு எழுதச் சொன்னார். எழுதிய நோட்டுக்கு ஒரு நகலும் எடுத்து, ஒன்றை மருத்துவமனையில் பத்திரப்படுத்திவிட்டு, மற்றதைத் தன் மார்போடு வைத்துக்கொண்டார். காய்ச்சலோடு கிரானடாவின் மேடுபள்ளத் தெருக்களில் அவர் நடந்த கடைசி நடை அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அவர் கிடக்கும் கோலத்தைப் பார்க்க வந்தவர் அன்னா ஒசோரியோ. நகரமன்ற உறுப்பினர் கார்சியா தெ பிசாவின் மனைவி. பலகைக் கட்டிலில், தலைக்குக் கூடையை வைத்துக்கொண்டு படுத்திருந்தவரைச் சுற்றி நோயாளிகள் மொய்த்துக்கொண்டு அழுதார்கள். அவருக்கு ஒரு நொடி ஓய்வில்லை. என் வீட்டுக்கு வாருங்கள் என்றார் அன்னா. மறுத்துவிட்டார். அன்னா பேராயர் பேத்ரோ கெரெரோவுக்குச் சொல்லி அனுப்பி, கீழ்ப்படிதலின் பேரில் போகும்படி உத்தரவு வாங்கினார். பிறரைக் கீழ்ப்படியச் சொன்னவர் தாமும் கீழ்ப்படியத்தான் வேண்டும் என்று அன்னா எடுத்துச் சொன்ன பிறகே எழுந்தார். நாற்காலியில் வைத்துத் தூக்கியபோது, எழுந்து நிற்க முடிந்த நோயாளிகள் எல்லோரும் வந்து வழிமறித்தார்கள். அந்த அழுகையைக் கேட்டு அவர் மயங்கிவிட்டார் என்கிறார் காஸ்ட்ரோ.

இந்தப் பிசா வீட்டில் அவருக்கு மெத்தை கிடைத்தது, வைத்தியர்கள் வந்தார்கள், வாசலில் காவல் நின்று ஏழைகள் யாரும் உள்ளே வந்து தொந்தரவு செய்யாமல் பார்த்துக்கொண்டார்கள். அவர் வாழ்நாளெல்லாம் பிறருக்குத் தேடிக் கொடுத்த அத்தனையும் அவருக்குக் கிடைத்தது. அன்னாவின் அன்பைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர் அழைத்து வராதிருந்தால் இந்த வீடும் மற்ற எத்தனையோ வீடுகளைப் போலக் கைமாறிப் போயிருக்கும். ஆனால் ஏழைகளைத் தடுத்த அந்த வாசல்தான் படுத்திருந்தவரை மிகவும் வாட்டியது.

பேராயர் பார்க்க வந்தார். மனத்தில் ஏதும் பாரம் உண்டா என்று கேட்டார். மூன்று உண்டு என்றார் யோவான். கடவுளிடம் இவ்வளவு பெற்றும் அவருக்குக் கொஞ்சமே செய்தேன் என்பது ஒன்று. என்னை நம்பியிருக்கும் ஏழைகளும், தீய வாழ்வை விட்டு வந்த பெண்களும் என்ன ஆவார்கள் என்பது இரண்டாவது. மூன்றாவதைச் சொல்லும்போது மார்பிலிருந்து அந்த நோட்டை எடுத்து நீட்டினார். பேராயர் வாங்கிக்கொண்டு, கடன்களை நான் அடைக்கிறேன், ஏழைகளையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தார்.

மார்ச் 8, சனிக்கிழமை விடியும் முன், அறையிலிருந்தவர்களைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, படுக்கையிலிருந்து தானே இறங்கினார். தரையில் மண்டியிட்டு, சிலுவையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். அந்த நிலையிலேயே உயிர் பிரிந்தது. உடல் சரியாமல் அப்படியே நின்றது என்றும், துணி சுற்றுவதற்காக அதை நீட்டிப் படுக்க வைத்தவர்கள் பிறகு வருந்தினார்கள் என்றும் சொல்வார்கள். அடக்கத்துக்குப் பிரபுக்கள் பாடை தூக்கினார்கள். மூர் இனத்தவரும் கூட்டத்தில் அழுதுகொண்டு நடந்தார்கள். 1492இல்தான் மூர்களிடமிருந்து கிறிஸ்தவ அரசின் கைக்கு வந்த நகரம் அது. இரு தரப்புக்கும் நடுவே புகைச்சல் அடங்காத காலம். அவர் கொடுக்கும்போது யார் என்று பார்த்ததில்லை.

அவர் எந்தச் சபையையும் நிறுவவில்லை. விதிநூல் எழுதவில்லை. கூட இருந்த சிலர் கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள், அவ்வளவுதான். 1572இல் திருத்தந்தை ஐந்தாம் பத்திநாதர் அவர்களைத் துறவுக் குழுவாக ஏற்றார். யோவான் 1630இல் அருளாளர், 1690இல் புனிதர். கிரானடாவில் அவர் பெயரால் எழுந்த பொன்மயமான பெருங்கோவில் 18ஆம் நூற்றாண்டினது. எலும்புகள் அங்கே வெள்ளிப் பேழையில் இருக்கின்றன. வத்திக்கான் மருந்தகத்தை 1874 முதல் நடத்தி வருபவர்கள் இந்தச் சகோதரர்களே. நமக்குப் பக்கத்திலும் அவர்கள் உண்டு. தேனி மலைக்கு அந்தப் பக்கம், இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு நடுவே கட்டப்பனையில் இருக்கும் புனித யோவான் மருத்துவமனை, 1969இல் இந்தியா வந்த பார்ச்சுனாட்டஸ் என்ற ஜெர்மானியச் சகோதரர் தொடங்கியது.

பிசா வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அங்குள்ள ஓவியங்களில் யோவானின் தோளில் நோயாளி இருப்பார், கையில் மாதுளை இருக்கும், அருகில் வானதூதர் இருப்பார். கிரானடாவின் பரோக் காலக் கலைஞர்கள் கைதேர்ந்தவர்கள், ரசித்துப் பார்க்கலாம். அதை முடித்ததும் வெளியே வந்து, சதுக்கத்தைக் கடந்து கோமெரெஸ் தெருவில் ஏறிப் பாருங்கள். சுற்றுலாக் கூட்டம் அல்ஹம்ப்ராவை நோக்கி மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருக்கும். கூடையும் இரண்டு பானைகளும் சுமந்து, நடக்க முடியாத ஒருவரை முதுகில் ஏற்றிக்கொண்டு, ஒரு மனிதர் ஏறிய ஏற்றம் அது.

அவர் கண்மூடி இரண்டரை மாதத்தில், அதே 1550இன் மே 25ஆம் தேதி, இத்தாலியின் புக்கியானிக்கோ என்ற சிற்றூரில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. வளர்ந்து சிப்பாயானான். சூதாட்டத்தில் உடம்பில் போட்ட சட்டைவரை தோற்றான். காலில் ஆறாத புண்ணோடு ரோமில் தீராநோயாளர் மருத்துவமனையின் படியேறினான். பேர் கமில்லுஸ். 1886இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் நோயாளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் பாதுகாவலர்களாக யோவானையும் இவரையும் சேர்த்தே அறிவித்தார். அந்தச் சூதாடியின் கதை அடுத்த இதழில்.

(தொடரும்)